ரதம் வரும்போது மட்டும் படம் ஏன் உறைகிறது?

கேள்வி

சுங்கை ரம்பாய் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய மாரியம்மன் கோயிலில் இளைஞர் பிரிவுச் செயலாளராக இருக்கிறேன். ஒரு காலத்தில் லயத்தில் குடியிருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இன்று மூவார், மலாக்கா டவுன், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போய்விட்டன. திருவிழாவுக்கு வர முடியாதவர்கள், முக்கியமாக வயதானவர்கள், "நேரலை போடுங்கப்பா" என்று கேட்டதால் இரண்டு வருடமாகச் செய்து வருகிறோம்.

எங்கள் ஏற்பாடு இதுதான். கர்ப்பக்கிரகம், வாசல், வெளிப்பிரகாரம், சாலை என நான்கு இடங்களில் நான்கு திறன்பேசிகள். நான்கும் கோயில் அலுவலக வைஃபை வழியாக, மலாக்கா டவுனில் இருக்கும் நண்பர் வீட்டுக் கணினிக்குப் படத்தை அனுப்பும். அவர் நல்ல காட்சியைத் தேர்ந்து யூடியூபில் ஏற்றுவார். எங்களுடையது ஒளிக்கம்பி இணைப்பு. பதிவிறக்கம் 100 மெகாபிட், பதிவேற்றம் 20. ஒரு திறன்பேசி சராசரியாக நொடிக்கு 3 மெகாபிட்டுக்கும் குறைவாகத்தான் அனுப்புகிறது என்று செயலி காட்டியது. நான்குக்கும் 12 போனால்கூட 8 மிச்சம் என்று கணக்குப் போட்டோம்.

அபிஷேகம், தீபாராதனை, தலைவர் உரை எல்லாம் கண்ணாடி மாதிரி போனது. காவடி ஆடி, ரதம் வாசலுக்கு வந்த நேரம் பார்த்து நான்கு படமும் உறைந்துவிட்டன. இரண்டு வருடமும் இதே கதை. இணையச் சேவையிலிருந்து வந்தவர் சோதித்துவிட்டு, "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று போய்விட்டார். அம்மனுக்கே நேரலை பிடிக்கவில்லை என்று ஒரு பாட்டி சொல்கிறார்!

என் கேள்விகள் மூன்று. ஏன் அந்த நேரத்தில் மட்டும் நடக்கிறது? பெரிய திட்டத்துக்கு மாறினால் தீருமா, இல்லை 4ஜி சிம் ஒன்றைத் துணைக்கு வைக்கலாமா? பக்தர்களுக்கும் வைஃபை திறந்துவிடச் சொல்கிறார்கள், செய்யலாமா?

— வாசகர், சுங்கை ரம்பாய்

பதில்

உங்கள் கூட்டல் சரி. ஆனால் நீங்கள் கூட்டியது நான்கு சராசரிகளை. இணைப்பு சராசரியில் நெரிவதில்லை, உச்சத்தில் நெரிகிறது. உங்கள் நான்கு கேமராக்களுக்கும் உச்சம் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது. சோதிக்க வந்தவர் சொன்னதும் பொய்யில்லை. அவர் வந்த நேரத்தில் ரதம் இல்லையே!

வீடியோவுக்கு ஏன் உச்சம் வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

படம் அசைந்தால் பிட் செலவு

நொடிக்கு 30 படங்களை முழுசாக அனுப்பினால் உங்கள் இணைப்பு தாங்காது. அதனால் திறன்பேசிக்குள் படத்தைச் சுருக்கும் என்கோடர் ஒரு சிக்கனம் செய்கிறது. இரண்டு நொடிக்கு ஒரு தடவை போல ஒரு முழுப் படத்தை அனுப்பும். இடையில் வருபவற்றில், முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் சொல்லும். தலைவர் மேடையில் நின்று பேசுகிறார் என்றால் மாறுவது வாயும் கையும்தான். பின்னால் இருக்கும் திரை, வாழைமரம், பூமாலை எல்லாம் "முன்பு போலவே" என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும். பிட் மிச்சமாகிறது.

இப்போது காவடி வருகிறது. மயிலிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஆடுகிறது. பூ தூவுகிறார்கள், மஞ்சள் தண்ணீர் தெறிக்கிறது, சாம்பிராணிப் புகை உருண்டு உருண்டு மேலே போகிறது. ரதத்தில் வண்ண விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன. கூட்டம் அலையாய் நகர்கிறது. "முன்பு போலவே" என்று சொல்லக்கூடிய இடமே படத்தில் இல்லை. புகை, நெருப்பு, நீர், இறகு, சிமிட்டும் விளக்கு ஆகிய ஐந்தும் என்கோடருக்கு மிகக் கடினமானவை. நம் திருவிழாவில் ஐந்தும் ஒன்றாக வருகின்றன.

தரத்தை ஒரே அளவில் வைத்திருக்கச் சொன்னால் என்கோடர் இந்தக் காட்சிக்குப் பிட்டை அள்ளி வீசும். பேச்சுக்கு 2 மெகாபிட் செலவழித்தது ரதத்துக்கு 8 கேட்கும். இப்படி ஏறி இறங்கும் வீடியோவை மாறுவீத வீடியோ என்பார்கள். செயலி காட்டிய "3-க்கும் குறைவு" என்பது நீண்ட நேர அமைதியையும் கொஞ்ச நேர ஆட்டத்தையும் கலந்து வடித்த எண்.

லயத்துக் குழாயும் பெரட்டு நேரமும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. லயத்துக்கு ஒரு பொதுக்குழாய் இருந்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் செலவழிக்கும் தண்ணீரைக் கணக்கிட்டால் குழாய் தாராளமாகப் போதும். ஆனால் விடியற்காலை, பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, முன்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் வாளியோடு வந்து நிற்பார்கள். அப்போது அந்தக் கணக்கு யாருக்கும் உதவாது. தண்ணீர் குறைவு என்பதைவிட, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதே சண்டைக்குக் காரணம். பத்து மணிக்குத் துணி துவைக்க வந்தவருக்கு அதே குழாய் கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கும்.

இதை எண்ணில் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு கேமராவும் பத்தில் ஒன்பது பங்கு நேரம் 2 மெகாபிட்டும், ஒரு பங்கு நேரம் 8 மெகாபிட்டும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2.6. நீங்கள் பார்த்த எண்ணுக்குப் பொருந்துகிறது. நான்கின் சராசரியைக் கூட்டினால் 10.4. நான்கின் உச்சத்தைக் கூட்டினால் 32. உங்கள் பதிவேற்றமோ 20. இரண்டு கேமராக்கள் உச்சத்தில் இருந்தால் சரியாக 20 வரும், எப்படியோ சமாளித்துவிடும். மூன்று ஏறினால் வழிந்துவிடும்.

நான்கு கேமராக்களும் நான்கு வெவ்வேறு ஊர்க் கோயில்களில் இருந்தால் ஒன்றின் உச்சத்துக்கும் இன்னொன்றின் உச்சத்துக்கும் தொடர்பிருக்காது. அப்போது மூன்றோ நான்கோ சேர்ந்து உச்சத்தில் நிற்பதற்கான வாய்ப்பு 0.37 விழுக்காடுதான். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் 40 நொடி. யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

ஆனால் உங்கள் நான்கும் ஒரே ரதத்தைப் பார்க்கின்றன. ஒன்று ஏறினால் நான்கும் ஏறுகின்றன. அப்போது வழிகிற நேரம் பத்து விழுக்காடு, அதாவது 18 நிமிடம். அதே இணைப்பு, அதே கேமராக்கள், அதே சராசரி. 40 நொடி 18 நிமிடமாகிவிட்டது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் காத்திருந்ததும் அந்த 18 நிமிடத்துக்குத்தான். பாட்டியிடம் சொல்லுங்கள், அம்மனுக்கு இதில் பங்கில்லை.

அஸ்ட்ரோ எப்படிச் சமாளிக்கிறது?

"அப்படியானால் பகிர்வதே தப்பா?" என்று கேட்பீர்கள். இல்லை. உங்கள் ஊரில் பல வீட்டுக் கூரைகளில் இருக்கும் அஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு, பகிர்வினால்தான் வேலை செய்கிறது. 1996-இல் மியாசாட் துணைக்கோள் விண்ணில் ஏவப்பட்டு அதே ஆண்டில் அஸ்ட்ரோ ஒளிபரப்புத் தொடங்கியது. துணைக்கோளில் இருக்கும் ஒவ்வோர் அலைவரிசைக் குழாயின் கொள்ளளவும் நிலையானது, விலையும் அதிகம். ஒரு சேனலுக்கு ஒரு குழாய் என்று கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் டிஜிட்டல் ஒளிபரப்பில் பல சேனல்களை ஒரே குழாயில் சேர்த்து அனுப்புவார்கள். 2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நாடு முழுவதும் நிறுத்திவிட்டு மைஃப்ரீவியூ டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறினோமே, அதுவும் இதே பகிர்வுதான்.

இந்தக் கலைக்குப் புள்ளியியல் பகிர்வு என்று பெயர். செய்தி வாசிப்பாளர் அமைதியாக வாசிக்கும்போது அந்தச் சேனலின் பங்கைக் குறைத்து, பக்கத்துச் சேனலில் நடக்கும் காற்பந்துக்குக் கொடுப்பார்கள். அடுத்த நொடி சமையல் நிகழ்ச்சியில் எண்ணெய் தாளிக்கும் காட்சி வந்தால் அதற்குக் கொஞ்சம் போகும். பத்துச் சேனலும் ஒரே நொடியில் சண்டைக் காட்சி காட்டுவது அபூர்வம். அந்த அபூர்வத்தை நம்பித்தான் தொழிலே நடக்கிறது.

அவர்களுக்கும் உங்களுக்கும் இரண்டு வித்தியாசங்கள். ஒன்று, அவர்களுடைய சேனல்களின் உச்சங்கள் பெரும்பாலும் வேறு வேறு நேரத்தில் வருகின்றன. இரண்டு, அங்கே தோட்டத்து மேற்பார்வையாளர் போல ஒரு மண்டோர் இருக்கிறார். எந்தச் சேனலுக்கு இப்போது எவ்வளவு தேவை என்று எல்லா என்கோடரையும் கேட்டு, பெரட்டில் வேலை பிரித்துக் கொடுப்பது போல நொடிக்கு நொடி பிட்டைப் பிரித்துக் கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவி அது. உங்கள் நான்கு திறன்பேசிகளுக்கும் மண்டோர் கிடையாது. ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. நான்கும் தாமே முழுத் தோட்டத்துக்கும் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்கின்றன.

தொலைபேசிக் கணக்கு ஏன் உதவவில்லை?

பகிர்வுக் கணக்கு பழையது. டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங் 1909-லேயே, தொலைபேசி அழைப்புகள் எப்படித் தற்செயலாக வந்து விழுகின்றன என்பதைக் கணிதமாக்கினார். ஆளுக்கு ஒரு லைன் போடாமல் எத்தனை லைன் போட்டால் போதும் என்று பின்னர் அதே வழியில் கணக்கிட்டார்கள். ஒருவர் அழைப்பதற்கும் இன்னொருவர் அழைப்பதற்கும் தொடர்பில்லை, ஓர் அழைப்புக்கு ஒரே அளவு இடம் போதும். ஆகவே ஆள் கூடக்கூட ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன்செய்து, மொத்தம் நிதானமாகிவிடும்.

வீடியோ அப்படி நடந்துகொள்ளவில்லை. 1994-இல் மார்க் கேரட், வால்டர் வில்லிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை எடுத்துக்கொண்டு, சுமார் 171,000 ஃபிரேம்களில் ஒவ்வொன்றும் எத்தனை பிட் கேட்கிறது என்று அளந்தார்கள். நொடிக் கணக்கில் பார்த்தாலும் ஏற்ற இறக்கம், நிமிடக் கணக்கில் பார்த்தாலும் ஏற்ற இறக்கம். உச்சம் மின்னல் மாதிரி வந்து மறையாது. ஒரு காட்சி பிடித்துக்கொண்டால் அந்தக் காட்சி முடியும்வரை நிற்கும். உங்கள் ரதமும் அப்படித்தான், நொடியில் கடந்து போவதில்லை. வாசலில் நிற்கும், ஆரத்தி எடுப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள், திரும்பும்.

குழாயடியில் இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. முதல் நாள் இரவே பீப்பாயில் தண்ணீர் பிடித்து வைப்பது. இணையத்தில் அந்தப் பீப்பாய்க்குப் பஃபர் என்று பெயர். சினிமா பார்க்கும்போது அது அருமையாக வேலை செய்கிறது, அடுத்த ஒரு நிமிடப் படம் முன்கூட்டியே வந்து காத்திருக்கும். நேரலையில் நாளைய ரதத்தை இன்றிரவே பிடித்து வைக்க முடியாது. சில நொடிப் பீப்பாய் சில நொடி உச்சத்தைத்தான் தாங்கும், 18 நிமிடத்தைத் தாங்காது.

உலகமே ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனதும் உண்டு. 2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் பரவலால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதே மாதத்தில் ஐரோப்பாவிலும் மக்கள் வீட்டுக்குள் அடைந்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் அங்கே தன் வீடியோக்கள் எடுக்கும் இடத்தைச் சுமார் 25 விழுக்காடு குறைத்தது. யூடியூப் உலகம் முழுவதும் சாதாரணத் தரத்தையே இயல்பு நிலையாக வைத்தது. பெரிய நிறுவனங்களும், உச்சம் ஒன்றாக வரும் என்று தெரிந்தபோது புதுக் குழாய் போடும்வரை காத்திருக்கவில்லை, தங்கள் வாளியைச் சின்னதாக்கின. நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சமமாகப் பிரித்தால் நால்வருக்கும் பட்டினி

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 20 மெகாபிட்டை நால்வருக்கும் நியாயமாகப் பிரித்தால் ஆளுக்கு 5. கேட்கிறவர் சமமாகப் பகிர்ந்தது நல்லதுதானே என்பார். ஆனால் 8 கேட்கும் என்கோடருக்கு 5 கிடைத்தால், மீதி 3 ஒவ்வொரு நொடியும் வரிசையில் சேர்ந்துகொண்டே போகும். பத்து நொடியில் 30 மெகாபிட் பாக்கி. நால்வரும் உறைவார்கள். இருவருக்கு முழுசாகக் கொடுத்து மற்ற இருவரை நிறுத்தியிருந்தால், இரண்டு நல்ல படமாவது கிடைத்திருக்கும்.

நியாயமான வரிசை என்ற கருத்தை ஆலன் டெமர்ஸ், சீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் மூவரும் 1989-இல் ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு பெரிய கோப்பு மற்ற எல்லாரையும் அமுக்கிவிடாமல் காப்பதற்கு அது இன்றும் சிறந்த வழி. ஆனால் வீடியோவில் பாதி கிடைப்பது பாதிப் பயன் ஆகாது. ஒரு வரம்புக்குக் கீழே போனால் பயன் பூஜ்யம்தான். ஆகவே யாரை உள்ளே விடுவது, யாரை வாசலில் நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதும் பகிர்வில் ஒரு பகுதி.

பாக்கி சேரும் இடம் உங்கள் ரூட்டர். பல வீட்டு ரூட்டர்கள் பாக்கியைக் கீழே போடாமல் நீளமான வரிசையில் வைத்திருக்கும். குறுகிய பாலத்துக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரிசையாக நின்றால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளும் நிற்கத்தானே வேண்டும்? உங்கள் ஒலி அந்த மோட்டார் மாதிரி. அது கேட்பது 0.1 மெகாபிட் சொச்சம்தான், ஆனால் லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. படம் உறைந்தபோது நாதஸ்வரமும் அறுந்திருந்தால், காரணம் இதுதான்.

என்ன செய்யலாம்?

செலவில்லாத வழியிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. கேமராவுக்கு உச்சவரம்பு வையுங்கள். பெரும்பாலான நேரலைச் செயலிகளின் அமைப்பில் பிட்ரேட் என்ற ஓர் இடம் இருக்கும். மாறுவீதத்தை விட்டு நிலையான வீதத்துக்கு மாற்றி, நான்குக்கும் 4 என்று வைத்தால் மொத்தம் 16. எவ்வளவு ஆடினாலும் 20-ஐத் தாண்டாது. ரதம் வரும்போது படம் கொஞ்சம் மங்கும், கட்டம் கட்டமாகத் தெரியலாம். ஆனால் ஓடும். இதை மட்டும் செய்திருந்தாலே இரண்டு வருட அவமானம் மிச்சமாகியிருக்கும்.

2. சமமாகப் பிரிக்காதீர்கள். வாசல் கேமராதான் ரதத்தின் முகத்தைக் காட்டும் என்றால் அதற்கு 7 கொடுங்கள், மற்ற மூன்றுக்கும் 3. மொத்தம் அதே 16. கர்ப்பக்கிரகக் கேமரா அந்த நேரத்தில் தேவைப்படாது என்றால் அதை நிறுத்திவிட்டு அதன் பங்கையும் வாசலுக்கே கொடுங்கள். இதற்கு ஓர் ஆளை நியமியுங்கள், அவர்தான் உங்கள் மண்டோர். மூன்று மணி நேரத்தில் அவருக்கு நான்கைந்து முறைதான் வேலை இருக்கும்.

3. முடிந்தால் கலவையைக் கோயிலிலேயே செய்யுங்கள். நான்கு படத்தையும் மலாக்கா டவுனுக்கு அனுப்பி அங்கே மூன்றைத் தூக்கிப் போடுவதற்கு எதற்கு நான்கு பங்கு இடம்? நண்பரை அன்று ஒருநாள் கோயிலுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு மடிக்கணினி, நான்கு படத்தை வாங்கும் ஒரு சிறிய ஸ்விட்சர் போதும். கேமராவிலிருந்து ஸ்விட்சருக்குப் படம் கம்பியில் போகும், வெளியே போவது ஒரே ஒரு படம். அதற்கு 6 மெகாபிட் கொடுத்தாலும் 20-இல் 14 சும்மா இருக்கும். எல்லா வழிகளிலும் இதுவே சிறந்தது.

4. ரூட்டரின் வரிசையைச் சரிசெய்யுங்கள். 2012-இல் கேத்லின் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும், வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்து, தேங்கியதைக் கழித்துவிடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதையும் நியாய வரிசையையும் சேர்த்த முறை இப்போது பல ரூட்டர்களில் இருக்கிறது. க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் என்ற பெயரில் தேடுங்கள். பதிவேற்ற அளவைக் கேட்டால் 20 என்று போடாமல் 17 அல்லது 18 போடுங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வரிசை உங்கள் கட்டுப்பாட்டில் நிற்கும், மோட்டார் லோரிகளுக்கு நடுவே புகுந்து போய்விடும்.

5. வைஃபையை நம்பாதீர்கள். வைஃபை என்பதும் எல்லாரும் முறைவைத்துப் பேசும் ஒரே காற்று. சாலையில் தூரமாக நிற்கும் திறன்பேசி மெதுவாகத்தான் அனுப்ப முடியும், அதனால் காற்றை அதிக நேரம் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவருக்கும் முறை தள்ளிப்போகும். கூட்டம் சேர்ந்தால் மனித உடம்பே சிக்னலை உறிஞ்சும். முடிந்த இடத்தில் கம்பி இழுங்கள். இல்லாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை, கேமராக்களுக்கு மட்டும் தனிப் பெயரில் வைத்து, தலைக்கு மேலே உயரத்தில் மாட்டுங்கள்.

பெரிய திட்டமா, 4ஜி துணையா?

பெரிய திட்டம் உதவும், ஆனால் எந்த எண் பெரிதாகிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பதிவிறக்கம். அது 100-லிருந்து 300 ஆனாலும் உங்களுக்குப் பைசா பிரயோசனம் இல்லை. உங்கள் படம் போகும் வழி பதிவேற்றம். அது 50 ஆனால் நான்கின் உச்சமான 32 அடங்கிவிடும், ரூட்டரும் வைஃபையும் கெடுக்காமல் இருந்தால். ஆனால் 18 நிமிடத்துக்காக 12 மாதமும் கூடுதல் கட்டணம் கட்டுவதா என்பதை உங்கள் நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும். மூன்றாவது வழியைச் செய்துவிட்டால் அந்தப் பணத்தில் அன்னதானத்துக்கு இன்னொரு கறி சேர்க்கலாம்.

4ஜி துணையில் ஒரு கண்ணி இருக்கிறது. துணை என்பது, முதல் வழி கெடும்போது கெடாமல் இருக்க வேண்டும். ரதம் வாசலுக்கு வரும்போது கூட்டத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான கைகளும் திறன்பேசியோடு மேலே போகும். எல்லாரும் அதே கைப்பேசிக் கோபுரத்தின் வழியாக வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் அனுப்புவார்கள். உங்கள் ஒளிக்கம்பி நெரியும் அதே நிமிடத்தில் கோபுரமும் நெரியும். மலாக்காவில் சன்னாசிமலை மாசி மகத் திருவிழாவுக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் நின்று வீடியோ அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஆனாலும் துணை வேண்டும், மின்சாரம் போனாலோ கம்பி அறுந்தாலோ அதுதான் கைகொடுக்கும். அப்படி வைத்தால், கூட்டத்தில் பெரும்பாலோர் பயன்படுத்தாத நிறுவனத்தின் சிம்மாக வாங்குங்கள். கூட்டத்துக்கு நடுவில் வைக்காமல், கோபுரம் நன்றாகத் தெரியும் உயரத்தில் வையுங்கள். ஒரே படம், 2 மெகாபிட், அதற்குமேல் ஆசைப்படாதீர்கள்.

வைஃபையைத் திறக்கலாமா?

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: கேமராக்கள் ஓடும் இணைப்பில் வேண்டாம். பக்தர்கள் பதிவிறக்கம் செய்வதால் உங்களுக்குக் கஷ்டமில்லை, 100 மெகாபிட் இருக்கிறது. ஆனால் வைஃபை கிடைத்த உடனே பல திறன்பேசிகள், உரிமையாளருக்கே தெரியாமல், அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கும். அது நேராக உங்கள் 20 மெகாபிட்டில் வந்து விழும். அதுவும் எப்போது? எல்லாரும் வீடியோ எடுத்து முடித்த நிமிடத்தில், அதாவது ரத நேரத்தில்!

நிர்வாகத்தில் பெரியவர்கள் கேட்டு, மறுக்க முடியவில்லை என்றால் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்றைத் திறந்து, எல்லாருக்கும் சேர்த்துப் பதிவேற்றம் 1 மெகாபிட் என்று கட்டிப்போடுங்கள். சிசிடிவி கேமராக்கள் இணையத்தில் சேமிப்பவையாக இருந்தால் அன்று மாலை மட்டும் உள்ளேயே பதிவு செய்யச் சொல்லிவிடுங்கள். அவையும் ரதத்தைப் பார்த்தால் அதே மாதிரித்தான் பிட் கேட்கும்.

கடைசியாக ஒன்று. இரண்டு வருடமும் நீங்கள் சோதித்துப் பார்த்திருப்பீர்கள். எப்போது சோதித்தீர்கள்? முதல் நாள் மாலை, காலியாக இருக்கும் மண்டபத்தைக் காட்டி, "எல்லாம் ஓகே" என்று வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அசையாத மண்டபத்துக்கு எந்த இணைப்பும் போதும்.

புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றுவதற்கு முன் நம் முன்னோர் வெள்ளோட்டம் விடுவார்கள். நிற்கும் தேரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை. முழுப் பாரத்தோடு, வளைவு திரும்பி, மேடு ஏறி வர வேண்டும். உங்கள் நேரலைக்கும் அதைச் செய்யுங்கள். நான்கு திறன்பேசிகளையும் ஒரே நேரத்தில் காற்றில் ஆடும் செம்பனை ஓலைப் பக்கம் திருப்புங்கள். இளைஞர் பிரிவில் ஓர் இருபது பேரை முன்னால் குதிக்கச் சொல்லுங்கள், அவர்கள் கையிலும் வீடியோ ஓடட்டும். விளக்குகளைச் சிமிட்ட விடுங்கள். பத்து நிமிடம் உறையாமல் ஓடினால் ரதத்தைப் பற்றிக் கவலை இல்லை. உறைந்தால் வரம்பை இன்னும் ஒரு மெகாபிட் இறக்கிவிட்டு மறுபடியும் குதிக்கச் சொல்லுங்கள்.